மூன்று வருடத்தில் திரும்புவதாகச் சொல்லிப் போனவர்

மாதச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பிவிட்டு, மீதியில் காலம் தள்ளுகிறவர்கள் நம்மில் பலர். இன்னும் இரண்டு வருடம், அப்புறம் ஊரோடு போய்விடலாம் என்று வீட்டுக்குச் சொல்லி வைத்திருப்போம். அந்த இரண்டு வருடம் ஒருபோதும் முடிவதில்லை. இப்படித்தான் ஒருவர் சென்னையிலிருந்து கப்பல் ஏறினார். இளம் மனைவியிடம் மூன்று வருடத்தில் வந்துவிடுவதாகச் சொன்னார். அமெரிக்காவில் கால் நூற்றாண்டு இருந்தார். கடைசி வரை திரும்பவில்லை.

அவர் பெயர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். யானைக்கால் நோய்க்கு நாம் விழுங்கும் மாத்திரை, கர்ப்பிணிப் பெண்களுக்குக் கொடுக்கும் போலிக் அமில மாத்திரை, ரத்தப் புற்றுநோய்க்கு முதன் முதலாக வேலை செய்த மருந்து ஆகிய மூன்றின் பின்னாலும் இவருடைய உழைப்பு இருக்கிறது. மருத்துவ உலகில் பெரிய பெயர். இருந்தும், தெருவில் நாலு பேரை நிறுத்திக் கேட்டால் மூன்று பேருக்குத் தெரியாது.

திருவல்லிக்கேணி மாணவன்

1895-ம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ந் தேதி பீமவரம் என்ற ஊரில் சுப்பாராவ் பிறந்தார். அன்று அது சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. இன்று ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கிறது. ஏழு பிள்ளைகளில் இவர் நான்காவது. குடும்பத்தில் வறுமை.

சின்ன வயதில் இவரைப் பார்த்த யாரும் பெரிய விஞ்ஞானியாக வருவார் என்று நினைத்திருக்க முடியாது. 13 வயதில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சம்பாதிக்கலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். தாயார் வெங்கம்மா பிடித்துக்கொண்டு வந்து மறுபடி பள்ளிக்கூடத்தில் விட்டார். ராஜமகேந்திரபுரத்தில் படிப்பு ஒழுங்காக நடக்கவில்லை. நெருங்கிய உறவினர்கள் நோயில் இறந்தது பையனின் மனதை உடைத்தது. மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோல்வி. சென்னைக்கு அனுப்பி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்த்த பிறகு மூன்றாவது முறைதான் தேறினார்.

பிறகு மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தார். கணக்கு நன்றாக வந்தது. ஆனால் அவர் மனம் துறவில் சென்றது. ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சன்னியாசி ஆகிவிட நினைத்தார். தாயார் சம்மதிக்கவில்லை. தாயாரின் சம்மதம் இல்லாமல் மடத்தார் சேர்த்துக்கொள்ளவில்லை. மருத்துவம் படித்தால் மடத்தின் ஆஸ்பத்திரிகளில் சேவை செய்யலாமே என்று யோசனை சொன்னார்கள். இப்படித்தான் அவர் சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார்.

படிப்புச் செலவுக்கு நண்பர்கள் உதவினார்கள். கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் உதவினார். அவருடைய மகள் சேஷகிரியை 1919-ல் சுப்பாராவ் மணந்துகொண்டார். துறவியாக நினைத்தவர் குடும்பஸ்தர் ஆனார். நடந்ததைப் பார்த்தால் அவர் பாதித் துறவியாகவே இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கான விலையைக் கொடுத்தவர் அந்தப் பெண்.

கதர் உடை

காந்தியடிகள் அந்நியத் துணியைப் பகிஷ்கரிக்கச் சொன்ன நேரம். சுப்பாராவ் அறுவை சிகிச்சைக் கூடத்துக்குக் கதர் அங்கி அணிந்து போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளை நன்றாக எழுதியிருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழை மட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

ஒரு எழுத்து குறைந்தால் என்ன என்று வெளியில் இருப்பவர்கள் கேட்கலாம். ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். சென்னை சர்க்கார் மருத்துவ சர்வீசில் சேர முயன்றார். இடம் கிடைக்கவில்லை. டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலை கிடைத்தது.

அந்தக் கல்லூரிக்கும் அவருக்கும் வேறு ஒரு தொடர்பும் உண்டு. அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்ற நோயில் அடுத்தடுத்து இறந்தார்கள். நம் பக்கத்தில் கிராணி என்று சொல்லும் வியாதிகளில் இதையும் சேர்க்கலாம். சிறுகுடல் சாப்பாட்டின் சத்தை உறிஞ்சாது. ஓயாத வயிற்றுப்போக்கு இருக்கும். நாக்கு புண்ணாகும். உடம்பில் ரத்தம் வற்றும். ஆள் எலும்பாகிப் போவார். அன்றைய ஆங்கில மருத்துவத்தில் இதற்குச் சரியான மருந்து இல்லை. பிறகு சுப்பாராவையே அந்த நோய் பிடித்தது. லட்சுமிபதி கொடுத்த ஆயுர்வேத மருந்தில்தான் அவர் பிழைத்தார்.

மருந்து குணப்படுத்திவிட்டது. ஆனால் அதில் இருந்த எந்தப் பொருள் குணப்படுத்தியது? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. சித்தப்பிரமை மாதிரி அதையே நினைத்துக்கொண்டிருந்தார். மருந்தைப் பிரித்துப் பார்க்க ரசாயனம் தெரிய வேண்டும். அதற்கு வெளிநாடு போக வேண்டும். காக்கிநாடாவில் இருந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்ம ஸ்தாபனம் உதவுவதாகச் சொன்னது. மாமனார் மீதிப் பணத்தைத் திரட்டினார். 1920-களின் தொடக்கத்தில், ஓர் அக்டோபர் மாதக் குளிரில், பாஸ்டன் நகரத்தில் போய் இறங்கினார்.

இரவு வேலை

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் வெப்ப நாட்டு நோய்கள் பற்றிய டிப்ளமா வகுப்பில் சேர்ந்தார். கையில் இருந்த பணம் சீக்கிரம் கரைந்தது. அமெரிக்காவில் டாக்டராக வேலை பார்க்க எல்.எம்.எஸ். சான்றிதழ் உதவவில்லை. ஆகவே பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில் இரவு நேரச் சிப்பந்தியாகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களை எடுத்துக் கொட்டிக் கழுவி வைப்பதுதான் வேலை. சென்னையில் மருத்துவம் படித்து முடித்தவர், ஒரு கல்லூரியில் பாடம் நடத்தியவர், இதைச் செய்தார். பகலில் படிப்பு.

ஊரில் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. தோலில் வரும் கொடிய தொற்று நோய் ஒன்றில் கைக்குழந்தையாகவே அது இறந்துபோனது. அப்பாவின் முகத்தை அது பார்க்கவில்லை. இன்றைக்கு ஒரு வாரத்து மாத்திரையில் தீரக்கூடிய நோய்தான் அது. அன்று அப்படி ஒரு மாத்திரை உலகத்தில் எங்கேயும் கிடையாது.

நீல நிறம்

டிப்ளமா முடிந்ததும் சுப்பாராவ் உயிர் ரசாயன இலாகாவில் சேர்ந்தார். அங்கே சைரஸ் பிஸ்க் என்ற பேராசிரியரின் கீழ் டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி தொடங்கியது. இந்தப் பட்டம் மருத்துவர் என்ற பொருளில் வரும் டாக்டர் அல்ல. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து நிரூபித்தவருக்குக் கொடுக்கும் பி.எச்.டி. பட்டம்.

முதல் வேலை பார்வைக்குச் சின்ன வேலைதான். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க நல்ல வழி இல்லை. மாலிப்டினம் கலந்த திரவத்தைச் சேர்த்து, இன்னொரு ரசாயனத்தை விட்டால் நீல நிறம் வரும். பாஸ்பரஸ் அதிகம் என்றால் நீலம் அழுத்தமாக இருக்கும். குறைவு என்றால் வெளிறி இருக்கும். நிறத்தைப் பார்த்து அளவைச் சொல்லிவிடலாம். 1925-ல் இந்த முறை அச்சில் வந்தது. பிஸ்க்-சுப்பாராவ் முறை என்று பெயர் பெற்று, உலகம் முழுவதும் மருத்துவ மாணவர்கள் பல தலைமுறைகளாகப் படித்த பாடம் அது. நம் கல்லூரிகளிலும் ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்தவர்கள் ஏராளம். ராவ் என்பது ஒரு இந்தியர் பெயர் என்று அவர்களில் எத்தனை பேர் நின்று யோசித்தார்களோ!

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு தசையை ஆராய்ந்தார்கள். நாம் மூட்டை தூக்கும்போதும் படி ஏறும்போதும் தசைக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது? இதற்கு விடை கண்டதாக 1922-ம் ஆண்டின் நோபல் பரிசே கொடுத்தாகிவிட்டது. லாக்டிக் அமிலம்தான் மூல காரணம் என்பது அன்றைய முடிவு. 1927-ல் பிஸ்க்கும் சுப்பாராவும் தசையில் பாஸ்போகிரியாட்டின் என்ற பொருள் இருப்பதைக் காட்டினார்கள். தசை வேலை செய்தால் அது குறைகிறது; ஓய்வெடுத்தால் திரும்ப நிறைகிறது. நோபல் பரிசு பெற்ற கொள்கை ஆட்டம் கண்டது. 1929-ல் ஏ.டி.பி. என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக அதைக் கண்டுபிடித்திருந்தார். உயிருள்ள எல்லாவற்றுக்கும் சக்தியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சில்லறைக் காசு இந்த ஏ.டி.பி.தான்.

1930-ல் சுப்பாராவுக்குப் பி.எச்.டி. கிடைத்தது. மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்றவருக்கு ஹார்வர்டு டாக்டர் பட்டம். அவர் சொன்ன மூன்று வருடம் எப்போதோ கழிந்துவிட்டது.

இந்த இடத்திலாவது அவர் ஊர் திரும்பியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றும். அவர் திரும்பவில்லை. அவர் கேள்வி இன்னும் அப்படியே இருந்தது. தசையைப் பற்றி உலகத்துக்குச் சொல்லிவிட்டார். அண்ணன் தம்பியைக் கொன்ற நோய்க்கு மருந்து சொல்லவில்லை.

ஈரல் சாறு

அவர் பாத்திரம் கழுவிய அதே பிரிகாம் ஆஸ்பத்திரியில் 1926-ல் ஓர் அதிசயம் நடந்தது. மைனாட், மர்பி என்ற இரண்டு டாக்டர்கள், சாவை எதிர்நோக்கியிருந்த ரத்தசோகை நோயாளிகளுக்குத் தினமும் ஏராளமாக ஈரலைத் தின்னக் கொடுத்தார்கள். நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். 1934-ல் அவர்களுக்கும் விப்பிள் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் இருக்கும் எந்தச் சத்து இதைச் செய்கிறது? சென்னையில் ஆயுர்வேத மருந்தைப் பார்த்துக் கேட்ட அதே கேள்விதான். சுப்பாராவ் அதில் இறங்கினார். ஸ்ப்ரூ நோயிலும் ரத்தம் வற்றுகிறது என்பதை அவர் மறந்திருக்க முடியாது.

ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. பேராசிரியர் பிஸ்க்குக்கும் அவருக்கும் உறவு சுமுகமாக இருக்கவில்லை என்பது அங்கே படித்தவர்கள் பின்னாளில் சொன்ன செய்தி. 1988-ல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் அதே கூடத்தில் பயின்றவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்கள் பொறாமையால் வெளியே வராமல் போய், பல வருடம் கழித்து மற்றவர்கள் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று அவர் சொல்லியிருக்கிறார்.

1940-ல் சுப்பாராவ் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். இரண்டே வருடத்தில் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரானார். இப்போது அவருக்குக் கீழே ஒரு படையே இருந்தது. ரசாயனம், பூச்சி இயல், காளான் இயல் என்று ஒவ்வொரு துறையிலும் ஆட்களைச் சேர்த்தார்.

டன் கணக்கில் ஈரலைப் பிழிந்து தேடினார்கள். ஈரலில் அவர் தேடிய முக்கியச் சத்து அவரிடம் அகப்படவில்லை. 1948-ல் பி-12 என்ற பெயரில் அதை வேறு இரண்டு கம்பெனிகள், ஒன்று அமெரிக்காவிலும் ஒன்று இங்கிலாந்திலும், பிரித்தெடுத்தன. ஆனால் தேடிய வழியில் இன்னொன்று கிடைத்தது. அதுதான் போலிக் அமிலம். 1945-ல் லெடர்லி குழு அதைச் செயற்கையாகவே செய்து காட்டியது. அந்த அறிக்கையில் 16 பெயர்கள் இருந்தன. இவர் பெயர் நடுவில் ஒன்று.

மருந்து கியூபா தீவுக்குப் போனது. அங்கே டாம் ஸ்பைஸ் என்ற டாக்டர் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தார். நாக்குப் புண் ஆறியது. பசி எடுத்தது. ரத்தம் ஊறியது. பீமவரத்து வீட்டில் இரண்டு பேரைக் கொண்டுபோன நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது. கால் நூற்றாண்டு தாமதம்.

இதே மாத்திரையைத்தான் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரும்புச் சத்துடன் சேர்த்துக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறார்கள். கருவில் இருக்கும் குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடிக்கொள்ளவும் போலிக் அமிலம் தேவை என்பது பின்னால் தெரிந்தது.

யானைக்கால்

யானைக்கால் என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கொசுக்கடி வழியாக நூல் போன்ற புழு உடம்பில் சேர்கிறது. அதன் குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் உலாவும். அதனால்தான் ரத்தம் எடுக்க ராத்திரியில் வருவார்கள். இரண்டாவது உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்க சிப்பாய்களுக்கு இந்த நோய் தொற்றியதும் அமெரிக்கா விழித்துக்கொண்டது. நம் நாட்டில் லட்சக்கணக்கான பேர் காலை இழுத்துக்கொண்டு நடந்தபோது வராத அவசரம் அப்போது வந்தது.

லெடர்லியில் நூற்றுக்கணக்கான ரசாயனங்களை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். 1947-ல் ஹெட்ராசான் வெளிவந்தது. டி.இ.சி. என்று சுருக்கமாகச் சொல்கிறோம். ரத்தத்தில் உள்ள புழுக் குஞ்சுகளை அது அழிக்கிறது. ஏற்கெனவே வீங்கிவிட்ட காலை அது பழையபடி ஆக்காது. நோய் மற்றவருக்குப் பரவுவதைத் தடுக்கும். 2004-ம் ஆண்டு முதல் இந்தியாவில் நோய் உள்ள மாவட்டங்களில் வீடு வீடாக வந்து கொடுத்த மாத்திரை இதுதான். நோய் இல்லாத நமக்கு எதற்கு என்று வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தவர்களும் உண்டு.

போலிச் சாவி

மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர் மெல்லியது. சுப்பாராவின் கடைசி வேலை அந்தச் சுவரின் மேல் நடந்த வேலை.

பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி பார்பர் என்ற டாக்டர் இருந்தார். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குப் போலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை, வேகமாக வளர்வது போலத் தெரிந்தது. ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் போலிக் அமிலம் வேண்டும். புற்றுநோய்ச் செல்லுக்கு அந்தப் பசி அதிகம். அப்படியானால் அதைப் பட்டினி போட்டால் என்ன?

லெடர்லியில் சுப்பாராவின் குழு போலிக் அமிலம் போலவே தோன்றும் பொருள்களைச் செய்து வைத்திருந்தது. அசல் சாவி போலவே இருக்கும் போலிச் சாவி. பூட்டுக்குள் நுழையும், திறக்காது, அசல் சாவியையும் நுழைய விடாது. அவற்றில் ஒன்று அமினோப்டெரின். இது உண்மையில் ஒரு விஷம். அளவு மீறினால் வாய் புண்ணாகும், குடல் புண்ணாகும், ரத்தம் ஊறுவதே நின்றுவிடும். வேறு வழி இல்லாத குழந்தைகளுக்குப் பார்பர் அதைக் கொடுத்தார். 1948 ஜூன் மாதம் முடிவு வெளியானது. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. தணிவு நிலைக்கவில்லை, சில மாதங்களில் நோய் திரும்பியது. ஆனாலும் அந்த நோய் மருந்துக்குக் கட்டுப்படும் என்று உலகம் பார்த்தது அதுவே முதல் முறை.

அமினோப்டெரினுக்குப் பிறகு வந்த மெதோட்ரெக்சேட் அதன் தங்கை போன்றது. இன்று குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் பெரும்பாலானவர்கள் நல்ல சிகிச்சையால் பிழைக்கிறார்கள் என்றால், அந்தச் சிகிச்சையில் மெதோட்ரெக்சேட்டுக்கும் பங்கு உண்டு. மூட்டுவாதத்துக்கும் அதைக் குறைந்த அளவில் கொடுக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. தவறித் தினமும் விழுங்கி உயிரை விட்டவர்கள் உண்டு. வீட்டில் பெரியவர்கள் யாராவது அதைச் சாப்பிட்டால் எந்தக் கிழமை என்று காலண்டரில் குறித்து வையுங்கள்.

அதே 1948 ஜூலையில் ஆரியோமைசின் அறிவிக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்ற பிறகு, 70 வயதைக் கடந்த தாவர இயல் பேராசிரியர் பெஞ்சமின் டக்கர் லெடர்லிக்கு வேலைக்கு வந்தார். வயதானவரை எதற்கு என்று சுப்பாராவ் கேட்கவில்லை. மிசூரியில் ஒரு வயலில் எடுத்த மண்ணிலிருந்து டக்கர் அதைக் கண்டுபிடித்தார். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் முதலாவது அதுதான்.

அடுத்த மாதம், ஆகஸ்டில், சுப்பாராவ் மாரடைப்பில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 53.

அமெரிக்காவில் இந்தியர்கள் குடியுரிமை பெற முடியாது என்ற சட்டம் 1946 வரை இருந்தது. மாறிய பிறகும் அவர் அதற்கான காரியத்தை முடிக்கவில்லை. சுதந்திர இந்தியாவின் குடிமகனாக, சுதந்திர இந்தியாவைப் பார்க்காமலே இறந்தார்.

தாம் செய்த எதற்கும் அவர் பெயரைச் சூட்டிக்கொள்ளவில்லை. பத்திரிகை நிருபர்கள் வந்தால் தம் கீழே வேலை பார்த்தவர்களை முன்னே தள்ளிவிட்டுப் பின்னால் நிற்பாராம். அவர் இறந்து ஐந்து வருடம் கழித்து, 1953-ல், புதிதாகக் கண்ட ஒரு காளானுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1995-ல், நூற்றாண்டு விழாவுக்கு, இந்திய சர்க்கார் தபால்தலை வெளியிட்டது.

அந்தத் தபால்தலையை ஒட்டி யாராவது அமெரிக்காவுக்குக் கடிதம் போட்டிருந்தால், சேஷகிரி அம்மாள் வருடக்கணக்கில் கடிதம் போட்ட அதே வழியில்தான் அது போயிருக்கும்.